குழாய் நீரில் மருந்து வாடை: குறையா, காவலா?

சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் நாங்கள் தரும் அறிவுரைச் சீட்டில், மருந்து வேளைகளுக்கும் உணவு முறைக்கும் அடுத்து, "பாதுகாப்பான குடிநீரையே அருந்தவும்" என்றொரு வரி தவறாமல் இடம்பெறும். எழுதுவதற்கு எளிய வரி. கடைப்பிடிப்பதற்கு அத்துணை எளிதன்று. எங்களிடம் சிகிச்சை பெறுவோரில் பலர் சிற்றூர்களிலிருந்து வருகின்றனர். அவர்களுக்குக் குடிநீர் என்பது ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டியிலிருந்து நாளுக்கு ஒருமுறையோ இருமுறையோ திறந்துவிடப்படும் நீரேயாகும்.

அந்நீரைப் பற்றி நோயாளிகளை உடனிருந்து பேணுவோர் கேட்கும் வினாக்கள் பெரும்பாலும் மூன்று. "மருந்து போட்ட தண்ணீரின் வாடை பிடிக்கவில்லை, அதைக் குடிக்கலாமா?" "மருந்து போட்ட நீரையும் கொதிக்கவைக்க வேண்டுமா?" "எங்கள் ஊர்த் தண்ணீர் உப்பாக இருக்கிறது, கொதிக்கவைத்தால் சரியாகிவிடுமா?" மூன்றும் நியாயமான வினாக்கள். அவற்றுக்கான விடைகளைச் சற்று விரிவாக இங்கே எடுத்துரைக்க விரும்புகிறோம். நோயால் தளர்ந்த உடலுக்கு, அரைக் குவளை மாசுபட்ட நீரும் மீண்டும் மருத்துவமனைப் படுக்கையைத் தேடச் செய்துவிடக்கூடும்.

நீர் வரும் வழி

தமிழகச் சிற்றூர் ஒன்றின் குடிநீர் அமைப்பு பார்வைக்கு எளிமையானது. ஓர் ஆழ்துளைக் கிணறு அல்லது திறந்த கிணறு. அதிலிருந்து நீரை ஏற்றும் மோட்டார். முப்பதாயிரம் அல்லது அறுபதாயிரம் லிட்டர் கொள்ளும் மேல்நிலைத் தொட்டி. தெருத்தெருவாகச் செல்லும் குழாய்கள். வால்வைத் திறந்து மூடும் ஓர் ஊழியர். நகரங்களில் இருப்பதுபோல வடிகட்டும் நிலையமும், வேதியியல் வல்லுநரும், இரவு பகலாகக் கண்காணிக்கும் கருவிகளும் இங்கில்லை. மோட்டாரை இயக்குவதும், தொட்டியைக் கழுவுவதும், மருந்து கலப்பதும் பெரும்பாலும் அந்த ஒரே ஊழியரின் பொறுப்பு. ஆகவே, சிறிய அமைப்பில் பாதுகாப்பு என்பது சில எளிய செயல்கள் நாள் தவறாமல் நடைபெறுவதையே நம்பியிருக்கிறது.

அவற்றுள் தலையாயது குளோரின் கலத்தல். வழக்கமான அளவு, ஆயிரம் லிட்டர் நீருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர். முப்பதாயிரம் லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். தூளை அப்படியே தொட்டியில் கொட்டலாகாது. வாளி நீரில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியபின் தெளிந்த கரைசலை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். அதன்பின் குறைந்தது அரை மணி நேரம் கழித்தே நீரைத் திறந்துவிட வேண்டும். அந்த அரை மணி நேரமே கிருமிகள் அழியத் தேவைப்படும் காலம். வாய் திறந்து ஈரம் பட்ட மூட்டையில் நெடுநாள் கிடந்த தூள் வீரியம் இழந்துவிடும்; அளவு சரியாக இருந்தும் பயன் இருக்காது.

எஞ்சி நிற்கும் குளோரின்

குளோரின் இரு பணிகளைச் செய்கிறது. முதலாவது, தொட்டியில் உள்ள கிருமிகளை அழிப்பது. இரண்டாவது, அழித்தது போக எஞ்சி நின்று, குழாய் வழியே வீடு சேரும்வரை நீருக்குக் காவலாக உடன் வருவது. இவ்வாறு எஞ்சும் குளோரின் ஒரு லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என இந்தியக் குடிநீர்த் தரம் (ஐ.எஸ். 10500) வகுத்துள்ளது. வைரஸ் தொற்று அஞ்சப்படும் வேளையில் அது 0.5 மில்லிகிராமாக இருத்தல் வேண்டும். அதே தரத்தின்படி, 100 மில்லிலிட்டர் குடிநீரில் மலக்கலப்பைக் காட்டும் ஈ.கோலை கிருமி ஒன்றுகூட இருத்தலாகாது.

நாம் "மருந்து வாடை" என்று முகம் சுளிப்பது பெரும்பாலும் இந்த எஞ்சிய குளோரினின் வாடையே. தரம் வகுத்த அளவில் அது உடலுக்குத் தீங்கு செய்வதில்லை. நீரை மூடிய பாத்திரத்தில் சில மணி நேரம் வைத்திருந்தால் வாடை தணியும். கொதிக்கவைத்தால் முற்றிலும் நீங்கும்.

எஞ்சிய குளோரினுக்கு மற்றொரு பயனும் உண்டு. கழிவு கலந்த நீரில் குளோரின் விரைவாகச் செலவாகிவிடும். நேற்றுவரை இருந்த குளோரின் இன்று திடீரெனக் காணப்படவில்லை எனில், தூள் போடப்படவில்லை, அல்லது ஏதோ ஓர் அழுக்கு நீரில் கலந்துவிட்டது என்று பொருள். இரண்டில் எதுவாயினும் உடனே அறிய வேண்டிய செய்தி. சிறு குழாயில் நீரை எடுத்துச் சொட்டு மருந்து விட்டு, தோன்றும் மஞ்சள் நிறத்தை வண்ண அட்டையோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கருவியைக் குளோரோஸ்கோப் என்பர். சோதனைக்கு ஓரிரு நிமிடங்களே ஆகும். சோதித்த நீரைக் குடிக்கலாகாது, கொட்டிவிட வேண்டும்.

வாக்கர்ட்டனில் நிகழ்ந்தது

அந்த ஓரிரு நிமிடச் சோதனையைச் செய்யாது விட்டதன் விலையைக் கனடா நாட்டின் ஒரு சிற்றூர் அறியும். ஒன்டாரியோ மாகாணத்தில், வேளாண் நிலங்கள் சூழ்ந்த வாக்கர்ட்டன் என்னும் அவ்வூரின் மக்கள்தொகை ஏறத்தாழ 4,800. கிணறுகளிலிருந்து நீர் எடுத்து, குளோரின் கலந்து, குழாய்களில் விடும் சிறிய அமைப்பு அங்கும் இருந்தது. 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் பெருமழை பெய்தது. ஆழம் குறைந்த ஒரு கிணற்றுக்கு அருகிலிருந்த பண்ணையில் இடப்பட்ட மாட்டெருவின் கிருமிகள் மழைநீரோடு அக்கிணற்றினுள் புகுந்தன. பண்ணையாளர் முறையாகவே எருவிட்டிருந்தார். அவர்மீது குற்றமில்லை எனப் பின்னர் விசாரணை ஆணையம் தெளிவுபடுத்தியது.

குற்றம் வேறிடத்தில் இருந்தது. நாள்தோறும் எஞ்சிய குளோரினை அளந்து பதிவேட்டில் எழுத வேண்டியவர்கள், அளக்காமலேயே கற்பனை எண்களை எழுதிவந்தனர். குளோரினும் தேவையான அளவு கலக்கப்படவில்லை. கிணற்று நீர் இயல்பிலேயே தூயது என்று அவர்கள் நம்பினர். குளோரின் வாடை பிடிக்கவில்லை என்று ஊராரும் குறைகூறி வந்தனர். நீர் மிகவும் மாசுபட்டுள்ளது என்று ஆய்வகம் மே 17 அன்று தெரிவித்த செய்தியும் சுகாதாரத் துறைக்குச் சொல்லப்படாமல் மறைக்கப்பட்டது.

உண்மையை நோக்கி முதலில் விரல் நீட்டியது ஒரு மருத்துவமனை. அருகிலுள்ள ஓவன் சவுண்ட் நகருக்கு இரத்தம் கலந்த வயிற்றுப்போக்குடன் கொண்டுவரப்பட்ட இரு குழந்தைகளும் வாக்கர்ட்டனைச் சேர்ந்தவர்கள் என்பதைக் கவனித்த குழந்தை மருத்துவர், சுகாதாரத் துறைக்குத் தகவல் தந்தார். நீர் நன்றாகவே உள்ளது என்று குடிநீர் அலுவலகம் சொல்லிக்கொண்டிருந்தபோதிலும், நோயாளிகளின் எண்ணிக்கை பெருகுவதைக் கண்ட சுகாதார அதிகாரி, ஆய்வு முடிவுக்குக் காத்திராமல் மே 21 அன்று "நீரைக் கொதிக்கவைத்தே அருந்துங்கள்" என்று அறிவித்தார். அதற்குள் தொற்று பரவிவிட்டது. 2,300-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர்; எழுவர் உயிரிழந்தனர். அக்கிருமியின் நச்சுப்பொருள் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சிறுநீரகங்களைத் தாக்கவல்லது. 27 பேருக்கு அந்நிலை ஏற்பட்டது. கொதிக்கவைக்கும் ஆணை அவ்வாண்டு டிசம்பர் மாதத்தில்தான் விலக்கப்பட்டது.

நீதிபதி டெனிஸ் ஓ'கானர் தலைமையிலான ஆணையத்தின் முதற்பகுதி அறிக்கை 2002-இல் வெளியாயிற்று. குளோரினையும் கலங்கலையும் இடைவிடாது அளக்கும் கருவி அக்கிணற்றில் இருந்திருந்தால் இத்தொற்று நேர்ந்திராது என்றும், நாள்தோறும் கையால் அளந்திருந்தாலும் அதன் வீச்சு பெரிதும் குறைந்திருக்கும் என்றும் அது கூறியது. செல்வம் மிக்க நாட்டிலும் இது நேர்ந்தது என்றால், நம் சிற்றூர்களில் அந்தச் சிறு அளவீட்டின் அருமை எத்தகையது என்பதை நாம் உணரலாம்.

தொட்டிக்கும் குவளைக்கும் இடையில்

தொட்டியில் தூய்மையாக இருந்த நீர் வழியில் கெடுவதும் உண்டு. நம் ஊர்களில் குழாய்களில் எந்நேரமும் நீர் ஓடுவதில்லை. நீர் நின்றபின் வெறுமையாகும் குழாய், விரிசல் உள்ள இடங்களில் வெளிநீரை உள்ளிழுக்கும். விரிசல் சாக்கடையை ஒட்டியிருந்தால் உள்ளே செல்வது சாக்கடை நீரே. அழுத்தம் போதாமையால் குழாயைத் தாழ்த்திக் குழிதோண்டி நீர் பிடிக்கும் இடங்களில், குழியில் தேங்கிய அழுக்கு நீரும் அவ்வாறே உட்புகும். வீட்டு மோட்டாரைத் தெருக்குழாயோடு நேரடியாக இணைத்து உறிஞ்சுவது இத்தீங்கை மேலும் பெருக்கும். ஒரு வீட்டின் மோட்டார் தெரு முழுவதற்கும் நோயைக் கொணரக்கூடும்.

ஆகவே, நீர் திறந்தவுடன் வரும் முதற்குடத்தைக் குடிப்பதற்கு எடுக்காமல் பிற வேலைகளுக்குப் பயன்படுத்துங்கள். நீர் கலங்கி வந்தாலோ நாற்றம் வீசினாலோ அன்று கொதிக்கவைக்காமல் அருந்தாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்திலும், குழாய் உடைந்து பழுதுபார்க்கப்பட்ட நாட்களிலும் இவ்வெச்சரிக்கை இருமடங்கு தேவை.

கொதிக்கவைத்தாலும் நீங்காதவை

நீரில் உள்ள தீங்குகள் இருவகை. ஒன்று உயிருள்ள கிருமிகள். மற்றொன்று கரைந்துள்ள வேதிப்பொருள்கள். முதல்வகைக்குக் கொதிக்கவைத்தல் மிகச் சிறந்த தீர்வு. நீர் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியபின் ஒரு நிமிடம் கொதித்தால் போதும். காலரா, டைபாய்டு, மஞ்சள்காமாலைக் கிருமிகள் அழிந்துவிடும். இரண்டாம் வகைக்கோ கொதிக்கவைத்தல் தீர்வன்று. நீர் ஆவியாகிக் குறைவதால், கரைந்துள்ள பொருளின் செறிவு சிறிதளவு கூடவே செய்யும்.

ஃபுளோரைடு இதற்கு முதற்சான்று. 1937-ஆம் ஆண்டிலேயே அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர்ப் பகுதியில், குடிநீரிலுள்ள ஃபுளோரைடால் பற்களும் எலும்புகளும் கெடுவதை மருத்துவர்கள் பதிவுசெய்தனர். தமிழகத்தில் தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் இச்சிக்கல் மிகுதி. அதற்காகவே ஒகேனக்கல்லில் இருந்து காவிரி நீரைக் கொணரும் கூட்டுக் குடிநீர்த் திட்டம் நிறைவேற்றப்பட்டது. லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஃபுளோரைடு ஏற்கத்தக்கது. வேறு நீர் இல்லாதபோது 1.5 வரை பொறுக்கலாம் என்பது இந்தியத் தரம். நிறமோ சுவையோ இதனைக் காட்டிக்கொடுக்காது. ஆய்வு ஒன்றே வழி.

நைட்ரேட் இரண்டாம் சான்று. உரமிட்ட வயல்களையும் கழிவறைக் குழிகளையும் அடுத்த கிணறுகளில் இது மிகலாம். 45 மில்லிகிராம் என்பது எல்லை. எல்லை மீறிய நீரில் பால்மாவு கலந்து ஊட்டினால், ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளின் இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் ஆற்றலை இழந்து உடல் நீலம் பூக்கும். 1945-இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்துப் பண்ணைக் கிணறுகளை ஆய்ந்தபோது இவ்வுண்மை வெளிப்பட்டது. அத்தகைய நீரை மீண்டும் மீண்டும் கொதிக்கவைப்பது தீங்கை மிகுவிக்கும்.

உப்புச்சுவையும் கொதிப்பதால் மாறாது. எனவே, உப்பு, ஃபுளோரைடு, நைட்ரேட் மிக்க ஊர்களில் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் வேறு நீராதாரம் தேடுவதோ, ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்த நீரைக் கொள்வதோதான் வழி. புறஊதாக் கதிரால் மட்டும் இயங்கும் கருவிகள் கிருமிகளை அழிக்கும். கரைந்த பொருள்களை நீக்கமாட்டா. கருவி வாங்குமுன் உங்கள் ஊர் நீரின் சிக்கல் எது என்று அறிந்துகொள்வது வீண் செலவைத் தவிர்க்கும்.

வீட்டில் கடைப்பிடிக்க வேண்டியவை

கொதிக்கவைத்த நீரைக் கொதிக்கவைத்த பாத்திரத்திலேயே மூடி ஆறவிடுங்கள். வேறு குடத்திற்கு மாற்ற நேர்ந்தால் அக்குடத்தைச் சோப்பிட்டுக் கழுவி, கொதிநீரால் அலசிக்கொள்ளுங்கள். பச்சைத் தண்ணீரைக் கலந்து ஆற்றாதீர்கள்.

அகன்ற வாய்ப் பாத்திரத்தில் குவளையையும் கையையும் விட்டு மொள்ளுவதே வீட்டில் நீர் கெடுவதற்குப் பெருங்காரணம். குழாய் பொருத்திய, மூடியுள்ள பாத்திரமே நல்லது. இல்லையெனில் நீண்ட காம்புள்ள அகப்பையைத் தனியே வைத்து, அதனால் மட்டுமே மொண்டு ஊற்றுங்கள்.

விறகோ எரிவாயுவோ பற்றாத வேளையில் குளோரின் மாத்திரைகளைப் பயன்படுத்தலாம். உறையில் குறித்த அளவு நீருக்கு, குறித்த அளவே இட்டு, அரை மணி நேரம் பொறுத்து அருந்துங்கள். கலங்கிய நீரை முதலில் தெளியவைத்து, மடித்த தூய வெள்ளைத் துணியில் வடிகட்டிக்கொள்ள வேண்டும்.

உப்பு-சர்க்கரைக் கரைசல் பொட்டலத்தை, கொதித்து ஆறிய நீர் ஒரு லிட்டரில் கரையுங்கள். கரைத்தபின் கொதிக்கவைக்கலாகாது, 24 மணி நேரத்திற்குப்பின் எஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும்.

கூடுதல் கவனம் வேண்டுவோர்

புற்றுநோய்க்கு மருந்து பெறுவோர், உறுப்பு மாற்றச் சிகிச்சை பெற்றோர், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து உண்போர், எச்.ஐ.வி. தொற்றுள்ளோர் ஆகியோர், நீரில் மருந்து வாடை தெளிவாக இருந்தாலும் கொதிக்கவைத்தே அருந்த வேண்டும். கிரிப்டோஸ்போரிடியம் போன்ற சில ஒட்டுண்ணிகள் குளோரினுக்கு அடங்குவதில்லை, கொதிநீருக்கு அடங்கும். இவர்கள் பல் துலக்கவும் மாத்திரை விழுங்கவும் அந்நீரையே கொள்வது நன்று.

கருவுற்ற தாய்மார்களுக்கு நீரால் பரவும் ஹெப்படைடிஸ்-ஈ மஞ்சள்காமாலை உயிருக்கே ஆபத்தாகலாம். கைக்குழந்தைகளுக்கு ஆறு மாதம் வரை தாய்ப்பாலே போதும். தனியே நீர் வேண்டுவதில்லை. சிறுநீரக நோயாளிகள் அருந்தும் நீரின் அளவை மருத்துவர் வரையறுத்தபடியே கொள்ள வேண்டும். நீர் தூயது என்பதால் அளவு கூடலாகாது.

வயிற்றுப்போக்கில் இரத்தம் காணப்பட்டாலோ, சிறுநீர் குறைந்தாலோ, குழந்தை சோர்ந்து கண்கள் குழிவிழுந்தாலோ காலம் தாழ்த்தாமல் மருத்துவமனைக்கு வாருங்கள். இரத்தம் கலந்த போக்கை நிறுத்துவதற்கு மருந்துக்கடையில் நீங்களாக மாத்திரை வாங்கித் தராதீர்கள்.

ஊராட்சியிடம் கேட்க வேண்டியவை

வீட்டில் நாம் கொள்ளும் கவனம் ஒரு வீட்டைக் காக்கும். தொட்டியில் கொள்ளப்படும் கவனம் ஊரையே காக்கும். மாதம் இருமுறை தொட்டியைக் கழுவி, கழுவிய தேதியைத் தொட்டியிலேயே எழுதுவது நம் ஊரக உள்ளாட்சிகளின் நடைமுறை. அந்தத் தேதியை ஒருமுறை நின்று பாருங்கள். குளோரின் நாள்தோறும் கலக்கப்படுகிறதா, தெருவின் கடைசிக் குழாயில் அளக்கப்படுகிறதா என்று கேளுங்கள். தொட்டிக்கு அருகே போதிய குளோரின் இருந்து, கடைசி வீட்டில் இல்லாமற்போவது உண்டு; ஆகவே கடைசிக் குழாயின் அளவே நம்பத்தக்கது.

2019-இல் தொடங்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தின்கீழ், ஊருக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளும் பயிற்சி தரும் ஏற்பாடு உண்டு. மலக்கலப்பைக் கண்டறியும் சிறு புட்டியும் அத்தகைய சோதனைகளுள் ஒன்று; மாசுள்ள நீரை ஊற்றி வைத்தால் ஓரிரு நாளில் கறுத்துவிடும். இம்முறையை 1982-இல் உலகுக்கு அறிவித்தவர்கள் குவாலியரில் பணியாற்றிய இந்திய அறிவியலாளர்களே. விரிவான ஆய்வுக்குத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களை ஊராட்சி வழியே அணுகலாம். ஆய்வு முடிவைக் கிராம சபையில் படித்துக் காட்டுமாறு கேட்பது உங்கள் உரிமை. உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22-உம் தமிழகத்தில் கிராம சபை கூடும் நாட்களுள் ஒன்று.

அவ்வாறு கேட்கும்போது, தொட்டியைப் பேணும் ஊழியரைக் குற்றவாளியாக்கும் தொனி வேண்டியதில்லை. குறைந்த ஊதியத்தில் ஊருக்கு உழைப்பவர் அவர். "வாடையடிக்கிறது, மருந்தைக் குறையுங்கள்" என்று நாம் அவரை நெருக்காதிருப்பதே முதல் உதவி. வாடை கண்ணெரியும் அளவுக்கு மிகுந்தால் அளவைச் சோதிக்கச் சொல்லலாம். அறவே வாடையில்லாத நாளில், மருந்து போடப்பட்டதா என்று அன்புடன் நினைவூட்டலாம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை எங்களிடம் வரும்போது, உங்கள் வீட்டுக் குடிநீர் எங்கிருந்து வருகிறது என்பதையும், உங்கள் தெருவில் வேறு எவருக்கேனும் வயிற்றுப்போக்கோ மஞ்சள்காமாலையோ இருக்கிறதா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். நாங்கள் கேட்க மறந்தாலும் நீங்களாகவே சொல்லுங்கள். ஒரே ஊரிலிருந்து ஒரே நோயுடன் இருவர் வந்திருப்பதை அறிந்தால், மூன்றாமவர் நோயுறுமுன் உங்கள் ஊர்ச் சுகாதார ஆய்வாளருக்கு எங்களால் தகவல் தர இயலும்.